சண்முகக்கனியின் காகித ஏரோப்பிளேன்

சண்முகக்கனி ஏரட்ரத்தில் காகிதத்தால் ஒரு ஏரோப்பிளேன் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்ற செய்தி அரசம்பொட்டலுக்குள் வந்து சேர்ந்தபோது, அது எப்படிப்பட்ட ஏரோப்பிளேன், காகிதம் எப்படி நிற்கும், கட்டி முடிக்க எத்தனை நாளாகும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எதற்காகக் கட்டுகிறாள் என்று மட்டும்தான் கேட்டோம், ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் எதையும் காரணமில்லாமல் செய்ததில்லை, காரணமில்லாமல் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டால்கூட வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்கிற ஊர் எங்களுடையது.

ஏரட்ரம் என்பது ஊருக்கு மேற்கே, பெரிய சண்டை நடந்த காலத்தில் விமானம் இறங்குவதற்காக வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன நீளமான சிமெண்டுத் தரை. சண்டை முடிந்ததற்கப்புறம் அதில் விமானம் எதுவும் இறங்கவில்லை, மிளகாய்தான் இறங்கியது. தை பிறந்துவிட்டால் சித்திரை முடிய ஊரின் மிளகாய் அத்தனையும் அங்கேதான் காயும், அந்த நாட்களில் எங்கள் ஊருக்குள் நுழைகிறவர்கள் பெயர்ப்பலகையைப் படிக்கிறதற்கு முன்னாலேயே தும்மிவிடுவார்கள்.

சண்முகக்கனிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே கனி ஜெராக்ஸ் என்று கடை வைத்து இருபத்திரண்டு வருஷமாகியிருந்தது. பட்டா, பத்திரம், வாரிசுச் சான்றிதழ், ஜாதகம், வயிற்றை ஸ்கேன் எடுத்த ரிப்போர்ட் என்று எங்கள் வீட்டுக் காகிதங்கள் எல்லாமே அவளுடைய கண்ணாடியின் மேல் ஒருமுறை குப்புறப் படுத்து எழுந்தவைதான். அவள் கல்யாணம் முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்பதற்கு எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு பதில் இருந்தது, ஒரு பதிலும் நல்ல பதில் இல்லை.

பதிவு ஆபீசுக்கு வந்த யாரோ ஒரு வெளியூர்க்காரர் அவள் கடையில் பழைய புத்தகம் ஒன்றை மறந்து விட்டுப்போனார். அதற்குள் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கோட்டோடு வெட்டி, புள்ளி போட்ட இடத்தில் மடித்து, ஓரத்தில் பசை தடவி ஒட்டினால் ஒரு சாண் அளவில் பழங்காலத்து ஏரோப்பிளேன் வரும். மேலே ஒரு சிறகும் கீழே ஒரு சிறகுமாக இரண்டு அடுக்கு, நடுவில் குச்சிகள், ஓட்டுகிறவன் வெயிலில் தலை தெரிய உட்காருகிற திறந்த குழி. ஆள் திரும்பி வருவார் என்று ஒரு மாதம் பார்த்தாள். வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் அடைத்திருக்கும்போது அந்தத் தாளை நகலெடுத்து, வெட்டி ஒட்டி, மெஷினின் மூடிமேல் நிறுத்தினாள். மறுநாள் இரண்டு மடங்கு பெரிதாக்கி ஒன்று செய்தாள். அதற்கு மறுவாரம் அதையும் நான்கு மடங்காக்கினாள். அதைக் கடைக்குள் வைத்தால் வந்தவர்கள் நிற்க இடமில்லை. அப்போதுதான், நிஜ ஏரோப்பிளேன் எந்த அளவோ அந்த அளவுக்கே செய்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த அளவுக்குக் காகிதம் வேண்டுமே. அவள் வீட்டில் இருந்தது. மெஷினில் சிக்கியது, கோணலாக விழுந்தது, மை கொட்டிக் கறுத்தது என்று வீணாய்ப்போன நகல்களை அவள் ஒருநாளும் எடைக்குப் போட்டதில்லை. ஊரார் பத்திரம் பொரிகடலை மடிக்கப் போகக்கூடாது என்று இருபத்திரண்டு வருஷமாகச் சாக்குகளில் கட்டி வைத்திருந்தாள். அந்தத் தாள்களின் வெற்றுப் பக்கத்தில் ஏரோப்பிளேனைத் துண்டுதுண்டாகப் பெரிதாக்கி அச்செடுத்து, எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டு வாளி வாளியாகப் பசை கிண்டினாள். தாளைச் சுருட்டிச் சுருட்டிக் கம்பாக்கினாள், முறுக்கி முறுக்கிக் கயிறாக்கினாள், வட்ட வட்டமாக வெட்டி நூறு அடுக்கு ஒட்டிச் சக்கரமாக்கினாள். வீட்டு வாசலில் நுழையாது என்றானதும் ஏரட்ரத்துக்குக் கொண்டுபோய், மிளகாய் காயாத மூலையில் வைத்து, மத்தியானங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கட்டினாள்.

எதற்கு என்று நாங்கள் ஊகித்தோம். ஏர்போர்ட் வரப்போகிறது, நிலம் எடுக்கப்போகிறார்கள், பதிவு ஆபீஸ் வாசலிலேயே இருக்கிறவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்றார்கள் மேலத்தெருவில். சினிமாக்காரன் எவனோ சொல்லிச் செய்கிறாள் என்றார்கள் கீழத்தெருவில். ஏரோப்பிளேனில் வேலை பார்த்த ஒருத்தன் அவளை ஏமாற்றிவிட்டுப் போனான், அவனை வரவழைக்கச் செய்கிற செய்வினை இது என்றும் ஒரு பேச்சு இருந்தது, அதை நம்பியவர்கள்தான் அதிகம்.

எல்லோரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டது குருவையா. கிராம உதவியாளர், நாங்கள் தலையாரி என்போம். யார் எந்த மரத்தை வெட்டினார்கள், யார் எந்த வரப்பைச் சீவினார்கள் என்று நோட்டில் குறித்துவைப்பதையே வேலையாகச் செய்து, வேலை இல்லாத நேரத்திலும் அதையே செய்கிற ஆள். கடையில் தராசைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் சாமான் வாங்குவார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா வழிக் காட்டில் அவர் பங்குக்கும் அவருடைய அக்கா பூரணத்தின் பங்குக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல் ஓரடி நகர்ந்து கிடந்தது. மழைத் தண்ணீர் இழுத்திருக்கும் என்று ஊரே சொன்னது. அக்காதான் நகர்த்தினாள் என்று சொல்லி அன்றைக்கே அவளோடு பேச்சை நிறுத்தியவர், மூன்று வருஷத்துக்கு முன்னால் பூரணத்தின் வீட்டுக்காரர் இறந்தபோதும் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. துக்கத்துக்குப் போனால் அதைச் சாக்காக வைத்து எதிலாவது கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்று பயந்தார்.

அவர் நோட்டோடு ஏரட்ரத்துக்குப் போனார்.

"என்ன கனி, என்னமோ செய்யுதியாம்?"

"ஆமா அண்ணாச்சி, ஏரோப்பிளேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான் அண்ணாச்சி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பசை வாளிய மிதிச்சிருவீக."

குருவையா நோட்டில், சும்மா என்கிறாள் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மேல்சிறகை ஏற்றிக் கடைசிக் குச்சியை ஒட்டினாள். சனிக்கிழமை காலையில் மிளகாயை விரித்துவிடுவதற்காகத் தரையைக் கூட்டிக்கொண்டே வந்த வேலம்மாளின் விளக்குமாறு ஏரோப்பிளேனின் சக்கரத்துக்கு அடியில் இந்தப்பக்கம் நுழைந்து அந்தப்பக்கம் வந்தது. வேலம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு கடைக்குப் போய்ச் சொன்னாள்.

"ஏ கனி, ஒன் பிளேன் தரையில நிக்கல."

"எவ்வளவு இருக்கும்க்கா?"

"ரெண்டு விரக்கடை இருக்கும். கூட்டுறதுக்கு நல்லாத்தான் இருக்கு."

"பசை காயுதுல்லா, கனம் கொறைஞ்சிருக்கும்" என்றாள் கனி. வந்த ஆளுக்குப் பட்டா நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் போய்ப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு விரற்கடை இருந்தது. திங்கட்கிழமை ஆறு. காற்றில் ஆடவில்லை, முனகவில்லை, கட்டியபடியே அசையாமல் நின்று நாளொன்றுக்கு இரண்டு விரற்கடை மேலே போனது. யாருடைய விரல் என்பதில் தகராறு வந்ததால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மரஸ்கேல் கொண்டுவந்து வைத்தோம். ஒரு முழம் உயர்ந்ததும் ஆடுகள் அடியில் போய்ப் படுத்தன. ஆடு படுத்தால் அங்கே தோஷம் எதுவும் இல்லை என்று பூசாரி சொன்னார். டீக்கடைக்காரர் ஒரு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ஏரட்ரத்துக்கே வந்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் தண்ணித் தொட்டியே கசிகிறது, உங்களுக்கு இது வேறா என்று சொல்லிப் போனார்கள். உயருவதைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. மாவு புளித்தால் பொங்குகிறது, பால் காய்ந்தால் பொங்குகிறது. உயர்ந்து எங்கே போகப்போகிறது, அதனால் யாருக்கு என்ன ஆதாயம் என்பதுதான் எங்களைத் தூங்கவிடவில்லை.

குருவையா கொடுத்த தகவலின் பேரில் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தார்.

"இதுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"எதுக்கு சார் லைசென்ஸ்?" என்றாள் கனி.

"பறக்குறதுக்கு."

"பறக்கல சார். நிக்குது."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நிக்கிறதுக்கு லைசென்ஸ் கெடையாது" என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். போகும்போது, எதற்கும் கட்டிப்போட்டு வைக்கச் சொன்னார். இரும்பு வளையம் ஒன்று அந்தக் காலத்திலிருந்தே சிமெண்டில் பதிந்து கிடந்தது. நாங்கள் தேங்காய்நார் வடம் ஒன்றை வாங்கி, ஏரோப்பிளேனின் இடுப்பைச் சுற்றி அந்த வளையத்தில் கட்டினோம். வெளியூர்க்காரன் எவனும் திருடிப்போய்விடக்கூடாது என்று கனியிடம் சொன்னோம். நிஜத்தில் அவள்மேல்தான் எங்களுக்குச் சந்தேகம்.

இருபதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, மிளகாயைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிறகின் நிழலில் எழுத்து விழுந்திருப்பதைப் பார்த்தார்கள். வெயில் ஏற ஏறக் காகிதம் காய்ந்து மெலிந்து, உள்ளே ஒட்டியிருந்த எழுத்தெல்லாம் சூரிய வெளிச்சத்தோடு இறங்கிச் சிமெண்டுத் தரையில் நேர் எழுத்தாகவே படிந்தன. முதலில் ஒரு ஜாதகக் கட்டம் தெரிந்தது. பிறகு ஒரு ரேஷன் கார்டு. பிறகு மணியக்காரர் வீட்டு மருமகளின் உண்மையான பிறந்த தேதி தெரிந்தது, அவள் மாப்பிள்ளையைவிட நான்கு வயது மூத்தவள். பத்து மணிக்குள் ஊரே அங்கே இருந்தது.

தன் காகிதத்தைத் தேடி வந்தவர்கள் அடுத்தவர் காகிதத்தைப் படித்தார்கள், படித்ததை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாததால் எல்லோரும் எல்லாவற்றையும் படித்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உரக்கடைக்காரர் தம்பிக்குத் தெரியாமல் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் தம்பியின் பெயரே இல்லை என்பது தெரிந்து, அந்த வீட்டில் ஒரே நாளில் இரண்டு அடுப்பு எரிந்தது. சர்க்கரை இல்லை என்று சொல்லிப் பெண் எடுத்த குடும்பத்துக்குச் சர்க்கரை இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு விரற்கடை ஏரோப்பிளேன் ஏற ஏற வெயில் விழுகிற கோணம் மாறி, மறைந்திருந்த புதுப்புது வரிகள் நிழலுக்கு வந்தன. எங்கள் நிழல் அதில் விழுந்து எழுத்தை மறைத்தால்கூட, இவன் எதையோ மறைக்கிறான் என்றார்கள்.

கனி முதல்நாளே ஓடிவந்து, கையில் கிடைத்த சாக்கையெல்லாம் எடுத்துச் சிறகுமேல் போர்த்தினாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "எழுத்து உள்ளதான இருந்துச்சு, உள்ள போட்டுத்தான ஒட்டினேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். காற்று ஒருமுறை வந்து சாக்கையெல்லாம் சுருட்டிக்கொண்டு போனது. அதையும் அவளே செய்ததாகச் சொன்னோம். அன்றிலிருந்து எங்களில் ஒருவரும் கனி ஜெராக்ஸுக்குப் போகவில்லை. ஒரே ஒரு தாளை நகலெடுக்க முக்கால் மணி நேரம் பஸ்ஸில் டவுனுக்குப் போய்வந்தோம், போகிற பஸ்ஸில் ஒருவர் பையை ஒருவர் பார்த்துக்கொண்டே போனோம். பதிவு ஆபீசுக்கு எதிரே அவள் மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தைந்தாம் நாள் குருவையாவின் பெயர் நிழலில் வந்தது. அவர் காலுக்கு முன்னாலேயே வந்தது. பூரணம் ஆகிய நான் சுயநினைவோடு எழுதிவைக்கும் உயில் சாசனம் என்றது முதல் வரி. எனக்குப் பிற்பாடு என் பங்குக் காடு முழுவதும் என் உடன்பிறந்த தம்பி குருவையாவின் மகள் முத்தரசிக்குச் சேரவேண்டியது என்றது அடுத்த வரி. ஆறு வருஷத்துக்கு முந்திய தேதி. அதற்குமேல் இருந்தது சிறகின் மடிப்பில் போய்விட்டது.

குருவையா அந்த நிழலை வெகுநேரம் பார்த்தார். வேறு யாராவது என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"பொய். பேசாத தம்பி மகளுக்கு எவளாவது காடு எழுதுவாளா? இந்தக் கனிதான் மெஷின்ல வச்சு ஏதோ சேத்திருக்கா. நம்மள ஒருத்தருக்கொருத்தர் மோதவிட்டுட்டு நெலத்த வாங்கத்தான் இவ்வளவும். நான் அன்னைக்கே எழுதி வச்சேன்."

எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படியானால் நிழலில் வந்ததெல்லாமே பொய்யாக இருக்கலாம். அன்றைக்கே ஊர்க்கூட்டம் போட்டு, ஏரோப்பிளேனை வெட்டி இறக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். மறுநாள் காலை கனியை ஏரட்ரத்துக்கு வரச் சொன்னோம். அப்போது அதன் சக்கரம் எங்கள் நெஞ்சுயரத்தில் இருந்தது.

"வெட்டுங்க" என்றாள் கனி. "ஒங்க காயிதம். எனக்குச் சொல்ல ஒன்னும் இல்ல."

"எதுக்குக் கட்டுனேன்னு மட்டும் சொல்லிரு" என்றார் ஊர்த் தலைவர்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "இருபத்திரெண்டு வருசமா ஊரார் காயிதத்தத்தான் நகல் எடுத்திருக்கேன். காடு வாங்குனவுக, கல்யாணம் முடிச்சவுக, பிள்ள பெத்தவுக, எல்லாரு காயிதமும் என் கையிலதான் சூடா வந்து விழும். எனக்குன்னு எடுக்குறதுக்கு ஒரு காயிதம் இருந்ததில்ல. அந்தத் தாளு யாரும் கேட்டு வராத தாளு. அத எனக்குன்னு எடுத்துக்கிட்டேன். பெருசா எடுத்துக்கிட்டேன். வேற ஒன்னும் இல்ல."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதை முன்னாலேயே யோசித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"வெட்டுறதுக்கு முன்ன ஒரேயொரு தடவ அதுல ஏறி உக்காந்துக்கிடுதேன்" என்றாள். "கட்டுனதோட சரி, இன்னும் உக்காந்து பாக்கல."

"அதெல்லாம் ஆகாது" என்றார் குருவையா. "ஏறி எங்கயாவது போயிட்டா?"

நாங்கள் ஆமாம் என்றோம். எல்லோரும்தான் சொன்னோம். கனி மிளகாய் விரித்திருந்த ஓரமாய்ப் போய் நின்றுகொண்டாள்.

யார் ஏறி வெட்டுவது என்று வந்தபோது ஒருவரும் முன்வரவில்லை. வெட்டுகிற இடத்தில் தன் காகிதம் உரிந்து வந்துவிட்டால் என்ன செய்வது. குருவையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிவாளை இடுப்பில் செருகி, ஏணி வைத்து ஏறினார். அவர் காலெடுத்து உள்ளே வைத்ததும் ஏரோப்பிளேன் வள்ளம் மாதிரி ஒரு சாண் தாழ்ந்தது, பிறகு நிலைக்கு வந்தது. ஓட்டுகிறவன் உட்காருகிற குழிக்குள் இறங்கினார். வெளியே வெள்ளையாக இருந்த ஏரோப்பிளேன் உள்ளே முழுக்க எழுத்தாக இருந்தது. எழுத்துள்ள பக்கத்தை உள்ளே போட்டு ஒட்டினேன் என்று அவள் சொன்னது நிஜம்தான்.

"வெட்டும்யா!" என்று கத்தினோம்.

அவர் வெட்டவில்லை. குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலை மட்டும் தெரிந்தது. மேற்கே மேகம் கறுத்து, முதல் இடி இடித்து, ஏரட்ரத்தின் அந்தக் கடைசியிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு காற்று வந்தது. அந்தக் காற்றில் வடம் அறுந்தது. அறுந்ததா, அவரே அரிவாளால் வெட்டிவிட்டாரா என்பதில் ஊர் இன்றைக்கும் இரண்டாகத்தான் இருக்கிறது. ஏரோப்பிளேன் சத்தமே இல்லாமல், தூளியை ஆட்டிவிட்டது போல ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் போய், தலையாரியைத் தூக்கிக்கொண்டு பனைமர உயரத்துக்கு ஏறிற்று.

ஊரை ஒருமுறை சுற்றி வந்தது. கோயில் கோபுரத்தையும் தண்ணித் தொட்டியையும் இடம்விட்டுத் தாண்டியது. இரண்டாவது சுற்றில் ஏரட்ரத்துக்கு மேலே வரும்போது குருவையா எட்டிப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னார். காப்பாத்துங்க என்றதாகச் சிலருக்குக் கேட்டது. கண்டுபிடிச்சிட்டேன் என்றதாகச் சிலருக்குக் கேட்டது. இவனும் கனியும் சேர்ந்து போட்ட திட்டம் இது என்று உடனே ஒருவர் சொன்னார், அப்படியும் இருக்கலாம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கோடைமழையின் முதல் சொட்டு புளியங்கொட்டை கனத்தில் சிமெண்டில் விழுந்தது. அவ்வளவுதான், வருஷம் முழுவதற்குமான வத்தல் தரையில் கிடக்கிறது, நாங்கள் அத்தனை பேரும் சாக்கும் கூடையும் முறமுமாக மிளகாயை அள்ள ஓடினோம்.

பூரணம் மட்டும் அள்ளவில்லை. ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை, முட்டுவலிக்காரி, தன்னுடைய மிளகாயை நனையவிட்டுவிட்டு வானத்தைப் பார்த்தபடியே ஓடினாள். "ஏல தம்பி! கெட்டியா பிடிச்சுக்கோல!" என்று அவள் போட்ட சத்தம், பதினோரு வருஷம் பேசாத சத்தம், இடியையும் மீறிக் கேட்டது.

மூன்றாவது சுற்றில் காகிதம் நனைந்தது. மேல்சிறகு துவண்டு கீழ்ச்சிறகின்மேல் படிந்தது, கொடியிலிருந்து வேட்டி நழுவுகிற மாதிரி ஏரோப்பிளேன் மெல்ல மெல்ல இறங்கி, ஏரட்ரத்துக்கு அப்பாலிருந்த பருத்திக்காட்டில் படுத்துக்கொண்டது. நாங்கள் மிளகாயைச் சேர்த்து வைத்துவிட்டுப் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது. சேற்றில் குருவையா உட்கார்ந்திருந்தார். ஓர் அடி இல்லை, சிராய்ப்பு இல்லை, ஆனால் தலை முதல் கால் வரை பசையும் காகிதமுமாக மூடியிருந்தது. பூரணம் அவருக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றார்.

"பேசாத. வாய்க்குள்ள காயிதம் போவுது."

அவள் வாயைத் துடைத்துவிடுகிற வரைக்கும் இருந்தார். "ஒன் உயில பாத்தேன்" என்றார் பிறகு. "முத்தரசி பேருக்கு எழுதுனது. நெழல்ல பாத்தப்ப நம்பல. உள்ள ஒன் கையெழுத்தே இருந்துச்சு. எப்பவும்போல கடைசிப் புள்ளி வைக்காம விட்டிருக்க."

பூரணத்தின் கை நின்றது.

"எழுதினேன்" என்றாள். "கல்ல நான் நகத்தலன்னு ஒனக்கு வேற எப்படிச் சொல்லுறதுன்னு தெரியாம எழுதினேன். ஒரு நா ஒன் கையில கொடுப்பம்னு நகலும் எடுத்தேன். அவுக செத்த அன்னைக்கு ஊரே வந்துச்சு, நீ வரல. பதினாறு முடிஞ்சதும் ரெண்டையும் அடுப்புல போட்டுட்டேன். இப்ப அந்த உயில் இல்ல."

எந்த அடுப்பு, பார்த்த சாட்சி யார், எரித்ததற்கு என்ன ருசு என்று குருவையா கேட்பார் என்று எதிர்பார்த்தோம். முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் கேட்டிருக்கிறார்.

"சரிக்கா" என்றார் குருவையா.

முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தார். பூரணம் அவருடைய காதுமடலில் ஒட்டியிருந்த யாருடைய ஜாதகத்தையோ மெதுவாக உரித்தெடுத்து, பிசைந்து, சேற்றில் போட்டாள்.

கனி அன்றைக்குச் சாயங்காலம் ஒரு சாக்கைக் கொண்டுபோய், பருத்திக்காட்டில் கிடந்த காகிதக் கூழையெல்லாம் அள்ளி, படிக்கிற மாதிரி ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் மண்ணில் மிதித்துப் புதைத்தாள். நான்கு நாள் கடை திறக்கவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை. அவள் வேறொன்று கட்டத் திட்டம் போடுகிறாள் என்று பேசிக்கொண்டோம். ஏர்போர்ட் பேச்சும் இன்னும் அடங்கவில்லை. தலையாரி மேலே போனபோது அவருக்கு எதையோ காட்டிச் சரிக்கட்டியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் அவர் எதற்குத் தினமும் அக்கா வீட்டில் போய்ச் சாப்பிடுகிறார் என்று ஒரு பேச்சு புதிதாகக் கிளம்பியிருந்தது. நோட்டைக்கூட அவர் வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு அலைந்தார். ஒரு ஆள் திடீரென்று நல்லவராகிவிட்டால் நாங்கள் எப்படி நம்புவது?

ஐந்தாம் நாள் காலையில் கனி கடையைத் திறந்தாள். குருவையா நேராக உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதிவு ஆபீசுக்கு வந்தவர்கள் போல நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வாசலை ஒட்டி நின்றோம்.

"கனி" என்றார். "அது நீ உக்காந்திருக்க வேண்டிய எடம். நான்தான் ஒன்ன ஏறவிடல. இனி அதுக்கு ஒன்னும் பண்ண முடியாது. எப்படி இருந்துச்சுன்னு ஒங்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கனி மெஷினில் போட்டிருந்த துணியின் சுருக்கத்தைக் கையால் நீவினாள். "சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள்.

அவர் சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். எவ்வளவு நெருங்கி நின்றாலும் எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. மிளகாய் ஒரு சிவப்புக் கோடாகத் தெரிந்ததாம், ஊருணி ஒரு கைப்பிடிதான் இருந்ததாம், காற்று பசை வாசமாக இருந்ததாம். கனி முழங்கையை மெஷின்மேல் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒருமுறை, "திரும்பும்போது எந்தச் செறகு மொதல்ல சாயும்?" என்று கேட்டாள். அவர் இரண்டு கையையும் நீட்டி, உட்கார்ந்தபடியே சாய்ந்து காட்டினார். சப்-ரிஜிஸ்ட்ரார் வந்தார், ஆபீஸ் திறந்தது, டோக்கன் கூப்பிட்டார்கள், நாங்கள் யாரும் போகவில்லை.

மத்தியானம் ஆபீஸ் அடைக்கிற நேரத்தில் அவர் எழுந்தார். அப்போது கனி கேட்டது எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"மேல இருந்து பாக்கைல நான் தெரிஞ்சனா?"

"தெரிஞ்ச" என்றார் குருவையா. "எல்லாரும் மிளகா அள்ள ஓடிட்டாக. அக்கா ஓடியாந்துக்கிட்டிருந்தா. நீ ஒருத்திதான் மழையில நின்ன எடத்துலயே நின்னு, அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்த. சிரிச்சிக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு. அது மட்டும் சரியாத் தெரியல."

"சிரிச்சேன்" என்றாள் கனி. எழுந்து மெஷினின் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, யாருக்கு என்ன நகல் வேண்டும் என்று கேட்டாள்.